மாத்திரை நிறுத்தப்பட்டவள்

அறுபதுகளின் தொடக்கத்தில் திருச்சியில் ஒரு காசநோய் வார்டில் படுத்திருந்தேன். அடுத்த கட்டிலில் மருங்காபுரிப் பக்கத்து விவசாயப் பெண் ஒருத்தி. நெடுநெடுவென்று உயரம், காதில் சிவப்புக்கல் தோடு. புதிதாக வந்த மாத்திரை ஒன்றை எங்களுக்குத்தான் முதலில் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே வாரத்தில் அவளுக்குக் காய்ச்சல் விட்டது, பசி எடுத்தது.

"பொங்கலுக்கு வீட்டுல இருப்பேன்க்கா. பிள்ளையைத் தூக்கிப்பேன்" என்றாள்.

பத்தாம் நாள் அவள் உடம்பெல்லாம் தடித்துச் சிவந்தது. உதடு வீங்கி, தோல் உரிந்து, மூச்சுக்குத் திணறினாள். டாக்டர் மாத்திரையை நிறுத்தி அவளைப் பிழைக்க வைத்தார். பதிலுக்குப் போட்ட ஊசி பலிக்கவில்லை, காய்ச்சல் திரும்பிவிட்டது.

தினமும் காலையில் நர்ஸ் எனக்கு மாத்திரை தரும்போது அவள் எழுந்து உட்கார்ந்து, நான் விழுங்கும்வரை பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒருநாள் டாக்டரிடம் கெஞ்சினாள்.

"தோலு போனாப் போவுதுங்க. அந்த மாத்திரையையே குடுங்க."

"இன்னொரு தடவை குடுத்தா உயிருக்கே ஆபத்தும்மா" என்றார் அவர்.

மறுவாரம் அவள் புருஷன் வந்து கூட்டிப்போனார்.

நான் குணமாகி ஸ்ரீரங்கம் திரும்பும் நாளில் டாக்டரிடம் அவளைப் பற்றிக் கேட்டேன். தகவல் இல்லை என்றார். பிறகு, "அவங்களுக்கு வந்ததைப் பார்த்துத்தான் உங்க எல்லாருக்கும் அளவைக் குறைச்சோம்" என்றார்.

அதை அவளிடம் யாருமே சொல்லவில்லை. ஒருமுறையாவது நேரில் பார்த்துச் சொல்லிவிட மாட்டோமா என்று இன்றும் மனசு கிடந்து தவிக்கிறது.