ஒலி தொடர்பான ஒரு சிறு பிழை

இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் நடந்தது நடந்ததுதான். யாருக்கு நடந்ததோ, அவளோடு ஒரே அறையில் ஆறு வருஷம் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்தவன் நான். அவளுக்குப் பொய் சொல்ல வராது. எழுத்தில் ஒரு காற்புள்ளி இடம் மாறி விழுந்தால்கூட அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது. அதனாலேயே அலுவலகத்தில் அவளுக்குக் ‘காற்புள்ளி’ என்று பெயர். இதை என்னிடம் சொன்னபோதும் நேரத்தை நிமிஷ சுத்தமாகச் சொன்னாள். நான் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

பேய் என்றால் நடு ராத்திரி, கும்மிருட்டு, நாய் ஊளை என்று எதிர்பார்க்காதீர்கள். இது நடந்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சுள்ளென்று வெயில். கீழே தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

துணி துவைக்கும் இயந்திரங்களுக்குக் கையேடு எழுதுவது எங்கள் பிழைப்பு. காற்புள்ளிக்கு வீட்டில் இன்னொரு வேலையும் இருந்தது. சம்பளம் இல்லாத வேலை. ஊர் பேர் தெரியாத ஒன்பது பேர் சேர்ந்து ஒரு ஓப்பன் சோர்ஸ் செயலியை நடத்திவந்தார்கள். யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். படுக்கையில் கிடப்பவரின் நெஞ்சில், இழுத்தால் நீளும் ஒரு மீள்பட்டையைக் கட்டிவிட வேண்டும். அதில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சென்சார். பக்கத்தில் ஒரு பழைய ஃபோன். மூச்சு நின்றால் ஃபோனில் அலாரம் அடிக்கும். அவ்வளவுதான் செயலி. விலை உயர்ந்த கருவி வாங்க முடியாத எத்தனையோ வீடுகள் இதை நம்பித் தூங்கின.

மற்ற எட்டுப் பேர் நிரல் எழுதுவார்கள். இவள் கையேடு எழுதுவாள். புதிய பதிப்பு வரும்போது அதில் என்ன மாறியது, எந்தப் பிழை தீர்ந்தது என்று பட்டியல் போடும் வெளியீட்டுக் குறிப்பையும் இவள்தான் எழுதுவாள். யாரும் படிக்காத எழுத்து. நன்றி என்று ஒரு வார்த்தை வராத எழுத்து. இருந்தாலும் உயிரைக் கொடுத்து எழுதுவாள்.

அன்றைக்கு மகளை நீச்சல் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு கணவர் போய்விட்டார். மத்தியானம் 1:40-க்கு ஒருங்கிணைப்பாளர் கூப்பிட்டார். செயலியை ஆரம்பித்தவர் அவர். அவர் சொன்னதே அங்கே சட்டம்.

புதிய பதிப்பு சாயங்காலம் வெளியாக வேண்டும், குறிப்பு தயாரா என்றார். 412-ஆம் புகாரைப் பற்றி என்ன எழுதுவது என்று இவள் கேட்டாள்.

அந்தப் புகார் வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ‘அலாரம் சத்தம் வரவில்லை’ என்று ஒரு பேருந்து ஓட்டுநர் எழுதியிருந்தார். ‘சோதித்துப் பார்த்தோம், எங்களிடம் இப்படி நடக்கவில்லை’ என்று ஒரு வரி எழுதி ஒருங்கிணைப்பாளர் அதை மூடிவிட்டார். போன வாரம்தான் நிரல் எழுதும் பெண் ஒருத்தி வேறெதையோ தேடும்போது காரணத்தைக் கண்டுபிடித்தாள். ஃபோனில் பேட்டரி சேவர் போட்டிருந்தால் திரை சிவப்பாகும், எண்கள் ஓடும், ஆனால் சத்தம் வராது.

“ஒலி தொடர்பான ஒரு சிறு பிழை சரிசெய்யப்பட்டதுன்னு போட்டுடும்மா. போதும்” என்றார் அவர்.

“சின்னப் பிழையா சார் அது?”

அவர் பொறுமையாகத்தான் பேசினார். முதியோர் இல்லங்கள் நடத்தும் பெரிய நிறுவனம் ஒன்று செயலியை எடுத்துக்கொள்ள யோசிக்கிறது, திங்கட்கிழமை பேச்சுவார்த்தை, இந்த நேரத்தில் பயமுறுத்துகிற மாதிரி எதுவும் வேண்டாம் என்றார். கடைசியில் குரலைத் தணித்துக்கொண்டு ஒன்று சொன்னார்.

“இன்னொன்னும்மா. கையேட்டுல பதினெட்டாம் பக்கம் பாரு. பேட்டரி சேவர் போடச் சொல்லி எழுதினதே நீதான். அந்த வரியைச் சத்தமில்லாம எடுத்துடு. உனக்கும் நல்லது.”

இவள் பதினெட்டாம் பக்கத்தைத் திறந்தாள். ‘இரவில் பேட்டரி சேவரைப் போட்டு வைப்பது நல்லது; காலை வரை ஃபோன் அணையாது.’ அவள் எழுதியதுதான். நல்லதை நினைத்து எழுதியது. அரைப்புள்ளிகூடச் சரியான இடத்தில் இருந்தது.

ஓட்டுநரின் புகாரோடு ஒரு கோப்பு இணைந்திருந்தது. அந்த இரவின் மூச்சுப் பதிவு. நான்கு மாதமாக அதை யாரும் திறக்கவில்லை என்று பக்கத்திலேயே காட்டியது. இவளும் திறக்கவில்லை. திறக்கப் பயம். பதினெட்டாம் பக்கத்து வரியை அழித்தாள். குறிப்பில் ‘ஒரு சிறு பிழை’ என்று தட்டினாள். தன் மேலேயே அருவருப்பாக இருந்தது என்றாள் என்னிடம்.

அடுத்து, கையேட்டுக்குப் புதிய படங்கள் எடுக்க வேண்டும். சோதனைக்கென்றே ஒரு பழைய ஃபோன் வைத்திருந்தாள். சிம் கிடையாது. மீள்பட்டையை மேஜைமேல் போட்டாள். யார் நெஞ்சிலும் கட்டவில்லை. பயனர் பெயர் என்ற இடத்தில் ‘சோதனை’ என்று அடித்தாள். சென்சார் யார் மேலும் இல்லாததால் திரையில் வெறும் கோடுதான் வர வேண்டும்.

மணி 2:52.

திரையில் 14 என்று வந்தது. நிமிஷத்துக்குப் பதினான்கு மூச்சு.

மின்விசிறிக் காற்றில் பட்டை ஆடியிருக்கும் என்று நினைத்தாள். எழுந்து போய் விசிறியை நிறுத்தினாள். இறக்கைகள் மெல்லச் சுற்றி நின்றன. அறை கப்சிப் என்று ஆனது.

14.

புதிய பதிப்பில் ஏதோ கோளாறு என்று சலித்துக்கொண்டாள். இன்னொரு புகார் எழுத வேண்டும், அதற்கு ஆதாரம் வேண்டும் என்று ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்தாள். அப்புறம் சென்சாரைத் திறந்து, உள்ளே இருந்த பொத்தான் பேட்டரியைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

மணி 3:04. எண் மாறியது.

11.

பேட்டரி மேஜையில் கிடக்கிறது. சென்சார் செத்த பொருள். ஆனால் திரையில் அலை மேலே ஏறி, கீழே இறங்கி, மேலே ஏறி...

அப்போதுதான் பெயரைப் பார்த்தாள். அவள் அடித்தது ‘சோதனை’. இப்போது அங்கே இருந்தது ‘அம்மா’.

அவளுடைய அம்மா நல்ல சுகமாக இருக்கிறார். காலையில்தான் பேசினாள்.

தெருவில் பிள்ளைகளின் சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. அறையில் ஒரு வாடை. தைலமும் மருந்தும் கலந்து, நாள்பட்ட நோயாளி படுத்திருக்கும் அறையில் வருமே... அந்த வாடை.

3:11. ஏழு.

மேஜையில் கிடந்த மீள்பட்டை அசைந்தது.

காற்று இல்லை. விசிறி நின்றிருந்தது. பட்டை மெதுவாக விரிந்தது... சுருங்கியது. விரிந்தது... சுருங்கியது. உள்ளே ஒரு நெஞ்சு இருப்பதைப் போல.

பக்கத்தில், காதுக்கு மிக அருகில்...

ஹ்ஹ்... ஸ்ஸ்ஸ்...

ஹ்ஹ்... ஸ்ஸ்ஸ்...

3:15. நான்கு.

ஹ்ஹ்...

எழுந்திருக்க நினைத்தாள். கால் வரவில்லை.

ஹ்...

3:17.

பூஜ்யம்.

பட்டை அப்படியே தட்டையாக அடங்கியது.

திரை முழுக்கச் சிவப்பு.

சத்தம் இல்லை.

விநாடிகள் மட்டும் ஓடின. ஒன்று... இரண்டு... மூன்று...

சத்தமே இல்லை.

நாற்பத்தொன்று என்று வந்தபோது அவளுக்குக் கால் வந்தது. செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடினாள்.

கீழே தையல்காரர் கடையைப் பாதி திறந்து வைத்து ஏதோ அவசரத் துணி தைத்துக்கொண்டிருந்தார். இவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்டூலை நகர்த்திப்போட்டார், தண்ணீர் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்துத் துணைக்கு மேலே வந்தார். மணி 3:40. ஃபோனில் ‘சோதனை: சென்சார் இணைக்கப்படவில்லை’ என்று இருந்தது. பட்டை வெறும் பட்டையாகக் கிடந்தது. மனுஷர் வாசலைத் தாண்டவில்லை.

“யாரும்மா உள்ள ரொம்ப முடியாமக் கிடக்கறது?” என்றார். “மருந்து வாடை இப்படி அடிக்குதே.”

அவர் போன பிறகு, கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, அவள் அந்தக் கோப்பைத் திறந்தாள். நான்கு மாதமாக யாரும் திறக்காத கோப்பு.

பெயர்: அம்மா. 2:52, பதினான்கு. 3:04, பதினொன்று. 3:11, ஏழு. 3:15, நான்கு. 3:17, பூஜ்யம்.

அது விடியற்காலை 3:17. இவளுடையது மத்தியானம். வேறு வித்தியாசம் கிடையாது. அதற்குப் பிறகும் பதிவு ஓடியிருந்தது, பூஜ்யம் பூஜ்யமாக, காலை 5:36 வரைக்கும்.

ரொம்ப நேரம் அழுதாள். அப்புறம் முகம் கழுவிக்கொண்டு வந்து குறிப்பைத் திருத்தி எழுதினாள். ‘பழைய பதிப்புகளில், பேட்டரி சேவர் போட்டிருந்தால் அலாரம் ஒலிக்காது. இதனால் ஓர் உயிர் போயிருக்கிறது. பேட்டரி சேவரைப் போடும்படி எங்கள் கையேடே சொல்லியிருந்தது. அந்த வரியை எழுதியவள் நான். புதிய பதிப்புக்கு மாறும்வரை செயலியை நம்பித் தூங்காதீர்கள்.’ 4:25-க்கு வெளியிட்டாள்.

நாற்பது நிமிஷம்தான் அது இருந்தது. 5:05-க்கு ஒருங்கிணைப்பாளர் அழித்துவிட்டு ‘ஒலி தொடர்பான ஒரு சிறு பிழை சரிசெய்யப்பட்டது’ என்று போட்டார். அதோடு இவளுடைய அனுமதியையும் பறித்துவிட்டார். ஐந்து வருஷம் பக்கம் பக்கமாக எழுதியவளால் அதற்குமேல் ஒரு காற்புள்ளியைக்கூடத் தொட முடியவில்லை. இவள் கூப்பிட்டபோது அவர் கத்தவில்லை. “நீ உணர்ச்சிவசப்பட்டுட்டேம்மா. கொஞ்ச நாள் ஓய்வு எடு” என்றார். மற்ற ஏழு பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்த அந்தப் பெண்கூட.

புகாரில் இருந்த மின்னஞ்சல் முகவரிக்கு, காற்புள்ளி ஓட்டுநருக்குக் கடிதம் எழுதினாள். என்ன பிழை, யாருடைய வரி, எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதி மன்னிப்புக் கேட்டாள். செவ்வாய்க்கிழமை பதில் வந்தது.

“அன்னைக்கு ரெண்டு ஷிஃப்ட் சேர்ந்தாப்ல ஓட்டிட்டு வந்தேன். அம்மா கட்டிலுக்குக் கீழதான் பாய் போட்டுப் படுத்தேன். ஏதாவதுன்னா சத்தம் வரும், எந்திரிச்சுக்கலாம்னு நம்பிட்டேன். கைநீட்டினாத் தொடுற தூரம். இப்போ சொல்லி என்ன ஆகப்போகுது.”

அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் எதற்கும் பதில் எழுதவில்லை. நிறுவனம் செயலியை எடுத்துக்கொண்டது. ஒருங்கிணைப்பாளர் மேடையேறிப் பேசும் படத்தை நானே பார்த்தேன்.

பதினொரு நாள் கழித்து, கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்த இவளுடைய முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவள் ஏழு மாதக் குழந்தையின் தாய். குழந்தைக்குத் தூக்கத்தில் மூச்சு நிற்கும் வியாதி. உங்கள் குழுவிலிருந்து பேசிய அந்தப் பெரியம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை என்று ஆரம்பித்திருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 5:12-க்கு அந்தத் தாய்க்கு ஓர் அழைப்பு வந்திருக்கிறது. திரையில் எண் எதுவும் இல்லை. வயதான பெண்குரல். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கி வாங்கி, ‘அதை நம்பாத... தூங்காத... புள்ள பக்கத்துலயே உட்காரு...’ என்று சொல்லியிருக்கிறது. அன்றைக்கு ராத்திரி அவள் தூங்காமல் உட்கார்ந்திருந்தாள். குழந்தைக்கு மூச்சு நின்றது. ஃபோன் சிவந்தது, ஒலிக்கவில்லை. தாய் விழித்திருந்ததால் தூக்கிக்கொண்டு ஓடினாள். குழந்தை பிழைத்துவிட்டது.

காற்புள்ளி இதை என்னிடம் படித்துக் காட்டினாள். அந்தச் செயலி யாரிடமும் ஃபோன் எண் கேட்பதில்லை. தாங்களாக எழுதினாலொழிய, பயன்படுத்துபவர்கள் யார், எந்த ஊர் என்று ஒன்பது பேரில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் கிடையாது. ஓட்டுநர் எழுதிய பதிலை அவள் எனக்கும் தன் கணவருக்கும் தவிர வேறு யாருக்கும் காட்டியதும் இல்லை.

மின்னஞ்சலின் கடைசிப் பத்தியை அப்படியே தருகிறேன்.

‘எனக்குச் சரியாகவே கேட்கவில்லை. ரகசியம் பேசுகிற மாதிரி இருந்தது. கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள் அம்மா என்றேன். அதற்கு அவர் சொன்னார்: “முடியாதும்மா... பையன் கீழ படுத்திருக்கான்... ரெண்டு ஷிஃப்ட் ஓட்டிட்டு வந்திருக்கான்... தூங்கட்டும்.”’