ஆடியில் உறைந்த திரை

குத்தாலத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் வசந்தகுமார், சித்திரையில்தான் கம்ப்யூட்டரை ஓவர்கிளாக் செய்து வேகத்தைக் கூட்டினான். முகூர்த்த மாதங்கள் முழுக்க ராப்பகலாக ஓடியும் அது மக்கர் பண்ணவில்லை. ஆடி பிறந்தது; கல்யாணமும் இல்லை, வேலையும் இல்லை. சனியன், சும்மா இருக்கும்போதெல்லாம் திரை உறைந்து நின்றது.

"வேலை இருந்தா தாங்கும்ங்க. சும்மா இருந்தா ப்ராசஸர் கரண்ட்டைக் குறைச்சுக்கும், அது நீங்க கூட்டின வேகத்துக்குப் பத்தாம நின்னுடுது. ஓவர்கிளாக்கை எடுத்துடுங்க" என்றார் போனில் மெக்கானிக்.

அவன் எடுக்கவில்லை. வேலை கொடுத்தால் தாங்குமே! பழைய கல்யாண வீடியோ ஒன்றைத் திறந்து, முழுசாக மறுபடி உருவாக்கச் சொல்லி ரெண்டர் போட்டான். முடிந்ததும் மறுபடி போட்டான். நான்கு நாளாக அதே கல்யாணம்தான் ஓடுகிறது. திரையில் மாலையும் கழுத்துமாக அவன் பக்கத்தில் நின்று பிரதீபா சிரிக்கிறாள். அவள் போய்ச் சேர்ந்து இது மூன்றாவது ஆடி.