சாம்பலில் ஆறிய காப்பு

எனக்குக் கோபம் வந்தால் வாயில் வரும் முதல் சொல் ‘ஒழுங்கு’. செருப்பு கோணலாகக் கிடந்தாலும் ஒழுங்கில்லை, பானை மூடாமல் கிடந்தாலும் ஒழுங்கில்லை. ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் கடைசியில் வட்டுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் இரசாயனம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். என் மனைவியோ சீனிப் போத்தலுக்குள் குண்டூசி போட்டு வைப்பவள். என் சஞ்சிகைகளின் மேல்தான் அவளுடைய எண்ணெய்ப் போத்தல் இருக்கும். அவள்மேல் எனக்கு உயிர். ஆனால் அதை ஒருநாளும் சொன்னதில்லை. ஒழுங்கைப் பற்றித்தான் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் மகள் பிறந்து மூன்று கிழமை ஆனபோது மனைவி ஒரு காப்பை என் கையில் வைத்தாள். அது அவளுடைய தாயின் காப்பு. செம்பு தூக்கலாகக் கலந்த சிவந்த பொன். வளையம் முழுதாக மூடாமல் வாய் திறந்திருக்கும். பேரப்பிள்ளை பிறப்பதற்கு நாலு மாதம் முன்னரே அந்தத் தாய் போய்விட்டார். அவர் விட்டுச்சென்றது அது ஒன்றுதான். தாயின் கை மெலிந்த கை. என் மனைவியின் கைக்கு அது ஏறவில்லை.

“முப்பத்தொண்டுக்கு இதைப் போடவேணும்” என்றாள். பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் எங்கள் பக்கத்தில் துடக்கு என்னும் தீட்டைக் கழிப்பது வழக்கம். அதுவரை அவள் வெளியே போகமாட்டாள். “அம்மா பிள்ளையைப் பாக்கேல்லை. அம்மான்ரை காப்பாவது பாக்கட்டும். உரும்பிராய்ப் பத்தரிட்டைக் குடுத்து வாயை விரிச்சுக்கொண்டு வாங்கோ.”

“ஓம்” என்றேன். ஆனால் தட்டார வேலை செய்யும் அந்தப் பத்தரிடம் நான் போகவில்லை.

அந்தக் கிழமை சீமையிலிருந்து வந்த சஞ்சிகை ஒன்றில், பொன்னும் செம்பும் கலந்த உலோகத்தைப் பற்றி ஒரு கட்டுரை இருந்தது. மெல்ல மெல்ல ஆறவிட்டால் அதன் அணுக்கள் பந்தியில் இருப்பதுபோலப் பொன் ஒரு வரிசை, செம்பு ஒரு வரிசை என்று முறையாக அமர்ந்துகொள்ளுமாம். சூடுகாட்டாமல் பச்சையாகத் தட்டினாலும் வளைத்தாலும் அந்த வரிசை கலைந்துவிடுமாம். வாசித்ததும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அணுவுக்குள்ளும் ஒழுங்கு! இதற்குப் பத்தர் எதற்கு என்று காப்பை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனேன்.

முதலில் கையாலேயே இழுத்தேன். கொஞ்சம் விரிந்து, பிறகு விறைத்து நின்றுவிட்டது. வரிசை கலைந்ததால்தான் இந்த விறைப்பு என்று நினைத்தேன். இரும்பைப் பழுக்கக் காய்ச்சி மெல்ல ஆறவிட்டால் இளகும். பொன்னும் அப்படித்தான் என்று நானாகவே முடிவுகட்டினேன். கட்டுரையின் மிச்சத்தைப் படிக்கப் பொறுமை இல்லை. காப்பை ஊதுகுழலால் ஊதிச் சிவக்கக் காய்ச்சி, சூடான சாம்பலுக்குள் புதைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை எடுத்து இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தேன். ‘டக்’ என்று இரண்டு துண்டானது. அந்தத் தாயையே பிடித்துக் கீழே தள்ளிவிட்டதுபோல இருந்தது எனக்கு.

துண்டுகளைக் கைலேஞ்சியில் முடிந்துகொண்டு உரும்பிராய்க்குச் சைக்கிள் மிதித்தேன். பத்தர் உடைந்த முனையைப் பார்த்தார்.

“வாத்தியார், ஆறவிட்டியளோ?”

“ஓம். சாம்பலுக்கை.”

“ஐயோ! செம்பு கூடின பொன்னை ஆறவிடப்படாது. சிவந்த சூட்டோடை தண்ணியிலை போடவேணும்.”

துண்டுகளைப் பற்றவைத்தார். மறுபடி சிவக்கக் காய்ச்சி, சூடு தணியுமுன் தண்ணீரில் போட்டார். எடுத்து விரலால் அழுத்தியபோது காப்பு பணிந்து விரிந்தது. அதன்பிறகு மரக்கட்டையில் மாட்டிப் பச்சையாகவே நாலு தட்டுத் தட்டினார். தன் வடிவில் உறுதியாக நின்றுகொண்டது. ஒட்டிய இடத்தில் மட்டும் ஒரு வடு.

வீட்டுக்கு வந்ததும் கட்டுரையின் மிச்சத்தைப் படித்தேன். அந்தக் கலவையில் அணுக்கள் வரிசையாக அமர அமர உலோகம் இறுகிப்போகும். தண்ணீரில் சட்டென்று குளிர்த்தால் வரிசை கட்ட நேரமில்லாமல் கலந்தே கிடக்கும், அப்போதுதான் இளகிக் கொடுக்கும் என்று தெளிவாகவே எழுதியிருந்தது. வெட்கமாக இருந்தது.

பழியைப் பத்தரின் தலையில் போட்டுவிடலாமோ என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். முடியவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவளிடம் காப்பைக் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஏசவில்லை. வடுவை விரலால் தடவித் தடவி அழுதாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு, “ஏன் உடைஞ்சது?” என்று கேட்டாள்.

“ஒழுங்கு கூடிப்போச்சு” என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண்ணீரோடு சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. “உங்களுக்கு நல்லா வேணும்!” என்றாள்.

“பத்தர் தேய்ச்சு மெருகு போட்டால் வடுத் தெரியாதாம். நாளைக்கே கொண்டுபோறன்.”

“வேண்டாம். அது கிடக்கட்டும்.”

முப்பத்தோராம் நாள் காப்பு அவள் கையில் வழுக்கிக்கொண்டு ஏறியது. பிள்ளையின் கன்னத்தில் அந்தக் கையை வைத்து, “அம்மா, பாருங்கோ” என்றாள். நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

எண்ணெய்ப் போத்தல் இன்னும் என் சஞ்சிகைகளின் மேல்தான் இருக்கிறது. நான் “ஒழு…” என்று வாயெடுத்தால் அவள் வடு மேலே தெரியும்படி காப்பைத் திருப்பிவிட்டுக் கையை என் பக்கம் நீட்டுவாள். நான் வாயை மூடிக்கொண்டு அந்தக் கையைப் பிடித்துக்கொள்வேன்.