ஒன்பதாவது மாடிக்குக் கீழே ஒரு வெள்ளைப் பட்டை

இருளாயியைக் கயிற்றில் ஏற்ற மாதேஸ்வரன் முதலில் ஒப்பவில்லை. ஓசூரில் உயரமான கட்டடங்களின் வெளிச்சுவரைக் கழுவிக் கொடுக்கும் ஒப்பந்தக்காரர் அவர். மானாமதுரைப் பக்கமிருந்து கணவனோடு பிழைக்க வந்த இருளாயி, அவரிடம் கீழே நின்று சோப்புத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தாள்.

“பொம்பளைய ஏத்தி ஏதாச்சும் ஒண்ணு ஆனா யாரு பதில் சொல்றதுக்கா?”

“ஆம்பளைக்கு ஆனா மட்டும் யாரு சொல்லுவீக? கயிறு ஆளையா பாக்குது? எடையத்தான பாக்குது.”

விடாமல் கேட்டு, வேலையைப் பழகிக்கொண்டு ஏறினாள்.

கூடத் தொங்கிய ஜெகதீஷ், காய்ந்த புறா எச்சத்தை வெறும் முகத்தோடு சுரண்டிச் சுரண்டி, மூச்சு வாங்கிப் படுத்துவிட்டான். எச்சத்தூசி நுரையீரலில் இறங்கிவிட்டது என்றார் மருத்துவர். அதற்குப் பிறகு மாஸ்க் இல்லாமல் இருளாயி கயிற்றைத் தொட்டதில்லை.

பாகலூர் சாலை அடுக்குமாடி ஒன்றில், ஒன்பதாவது மாடி பால்கனிக்குச் சற்றுக் கீழே அவள் தொங்கிக் கழுவிக்கொண்டிருந்தபோது, ஹெல்மெட்டில் சடசடவென்று கம்புத் தானியம் கொட்டியது. பின்னாலேயே புறாக்கூட்டம் வந்தது. தோளில் சூடாக எச்சம் வழிந்தது. நிமிர்ந்து பார்த்தாள். அந்த வீட்டுச் சரோஜம்மாள் கையில் கிண்ணத்தோடு நின்றார்.

“கம்பு போடுறத நிறுத்துங்கம்மா. இங்கனதான கழுவிக்கிட்டிருக்கேன்.”

“வாயில்லாத ஜீவன்மா அது. எங்க வீட்டுக்காரர் போனதுலருந்து போடறேன். உனக்குக் கழுவறதுக்குத்தானே சம்பளம்?”

“கழுவத்தான் சம்பளம். தலையில பேள விட்டுக்கிட்டுத் தொங்குறதுக்கு இல்ல.”

சரோஜம்மாள் மறுபடியும் கிண்ணத்தைக் கவிழ்த்தார். இருளாயி இடமும் வலமும் பளிச்சென்று கழுவினாள். அந்தப் பால்கனிக்கு நேர் கீழே, வெள்ளையாய் எச்சம் படிந்த பட்டையில் மட்டும் கை வைக்காமல் இறங்கினாள்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் விஜயகுமார் ஓடி வந்தார். “அத மட்டும் ஏம்மா விட்ட?”

“போடுறவுக நிறுத்தட்டும். கழுவுறேன்.”

“நீ யாரு ரூல் போடறதுக்கு? வேற ஆள் வெச்சுக்கறேன்.”

“வச்சுக்கங்க.” இடுப்புப் பெல்ட்டை அவிழ்த்துக் கீழே போட்டாள்.

மாதேஸ்வரன் அவளைத் தனியாக இழுத்தார். “கஸ்டமர் போயிருவாருக்கா.”

“ஜெகதீசு மூச்சு வாங்கிப் படுத்தானே, எந்தக் கஸ்டமரு வந்து பாத்தாரு?”

கயிற்று வேலைக்காரர்கள் இருவர் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களும் அந்த இடத்தில் இறங்க மாட்டோம் என்றுவிட்டார்கள். மாதேஸ்வரனுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

கழுவிய சுவரின் நடுவே அந்த வெள்ளைப் பட்டை சாலையிலிருந்தே தெரிந்தது. ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் அண்ணாந்து பார்த்து, யார் வீட்டுக்குக் கீழே என்று மாடியை எண்ணினார்கள். காயப்போட்ட துணியெல்லாம் நாசமாகிப் பொறுத்துக்கொண்டிருந்த கீழ்மாடிக்காரர்கள் சங்கக் கூட்டத்தில் சண்டைக்கு நின்றார்கள். கடைசியில் சரோஜம்மாள் பால்கனிக்கு வலை அடித்தார்கள். அவர் கம்புப் பையோடு காலையில் ஏரிக்கரைக்குப் போகத் தொடங்கினார்.

மிச்சத்தைக் கழுவ இருளாயியே வந்தாள். வாசலில் நின்ற விஜயகுமார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் லிப்ட் பக்கம் திரும்பியதும் காவலாளி குறுக்கே வந்தார்.

“வேலைக்காரங்க படியில போகணும்மா.”

“மொட்டை மாடியில இருந்துதான் கயிறு இறங்குது. கயித்துச் சுமையோட நான் ஏன் படியேறணும்?” என்று உள்ளே போய் மேல் மாடிப் பொத்தானை அழுத்தினாள்.