நிழல்பக்கச் சக்கரம்

பஸ்ஸம்மா யாரையும் சுலபத்தில் நம்பமாட்டாள். வெயிலில் ஓடிவந்த டயரை அறவே நம்பமாட்டாள். இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். பஸ்ஸம்மா என்ற பெயரும் அந்தப் பிள்ளைகள் வைத்ததுதான். வேலையை விட்ட பிறகு அவளும் தச்சரான அவள் கணவரும் ஒரு பழைய வேனை வாங்கினார்கள். அவர் அதற்குள் கட்டில், அலமாரி, மடக்கு மேஜை எல்லாம் அடித்து, நாலு சக்கரத்தில் ஓடும் வீடாக ஆக்கினார். உள்ளே அவர் ராஜ்ஜியம். சக்கரமெல்லாம் அவள் இலாகா.

வெளியூர் கிளம்பும் நாளில் சூரியன் தலைகாட்டுவதற்குள் காற்று மீட்டரோடு குந்திவிடுவாள். நாலு டயருக்கும் அறுபத்தைந்து பவுண்டு காற்று. கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

"இப்ப கேட்டாத்தான் டயர் உண்மையைச் சொல்லும். ஓடிச் சூடேறிட்டா எழுபத்தஞ்சு, எழுபத்தெட்டுன்னு பெருமையடிச்சுக்கும். அதை நம்பிக் காத்தை எறக்கினா போச்சு" என்பாள்.

"புருஷனுக்குக் காப்பி குடுத்தியோ இல்லையோ, டயருக்கு நாடி பிடிக்க வந்துட்டே" என்று எதிர்வீட்டுக்காரி கிண்டல் செய்வாள்.

"காப்பி இல்லேன்னா அவரு வெடிக்கமாட்டாரு" என்று பதில் வரும்.

அந்தக் கோடையில் கணவருக்கு முதுகெலும்பில் ஆபரேஷன் ஆனது. பெரிய மரக்கட்டையைத் தனியாகத் தூக்கி இழுத்துக்கொண்ட வினை. ஆறு வாரம் நேராகப் படுத்திருக்க வேண்டும், வண்டி தூக்கிப் போட்டால் உள்ளே வைத்த திருகாணி விலகிவிடும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு ஆறு மணி நேரப் பயணம். ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்யலாம் என்றார்கள். "நான் அடிச்ச கட்டில்ல படுத்துக்கறேன், என் பொண்டாட்டி ஓட்டட்டும்" என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். படுத்த படுக்கையாய்க் கிடந்தவர் எப்படி ஒற்றைக்காலில் நின்றார் என்று கேட்கக்கூடாது.

துணைக்குக் கொழுந்தன் வந்தான். தங்கமான மனசு. அண்ணனுக்காகப் பத்து நாள் லீவு போட்டு ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே கிடந்தவன். ஆனால் எல்லாம் தெரிந்த ஏகாம்பரம். பல்பு மாட்டுவதிலிருந்து பல் பிடுங்குவது வரை யோசனை சொல்வான்.

காலையில் ஆஸ்பத்திரி வாசலிலேயே காற்று பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸம்மா கணவரை வண்டியில் ஏற்றினாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் அனுப்பிவைக்கப் பதினொரு மணி ஆகிவிட்டது. அதற்குள் அனல் அடித்தது. இரண்டு மணிக்குப் பெட்ரோல் பங்கில் நிறுத்தி, அவருக்கு ஐஸ் தண்ணீர் வாங்கிவரப் போனாள். திரும்பி வந்தபோது உள்ளே அவர் முனகிக்கொண்டிருந்தார். மாத்திரை கொடுத்து, நெற்றியைத் துடைத்துவிட்டு அவசரமாகக் கிளப்பினாள். வண்டி நிற்கும் இடமெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி டயரைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் அன்றைக்கு விட்டுப்போனது.

அது மனதை அரித்துக்கொண்டே வந்தது. மூன்றரை மணிக்கு ஒரு மரத்தடியைப் பார்த்து ஒதுக்கி நிறுத்தினாள். வழியெல்லாம் வெயில் வலது பக்கம்தான். அந்தப் பக்கத்து டயர்களைத் தொட்டாள். சூடுதான், தாங்கும் சூடு. இடது பக்கம் வந்து பின்சக்கரத்தில் கை வைத்தவள் வெடுக்கென்று எடுத்துவிட்டாள். நிழலில் வந்த டயர் வெயிலில் வந்ததைவிடச் சுடுவதா? மீட்டரை வைத்தாள். வலது பக்கம் எழுபத்தேழு. இடது பக்கம் அறுபத்தெட்டு.

"தம்பி, இந்தப் பக்கத்து டயரை யாராவது தொட்டாங்களா?"

"நான்தான் அண்ணி. கதவுல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல அறுபத்தஞ்சுன்னு போட்டிருக்கு. மீட்டர்ல எழுபத்தாறு காட்டுச்சு! இந்த வெயில்ல வெடிச்சிடப் போகுதேன்னு, பங்க்ல நிக்கறப்ப கரெக்டா அறுபத்தஞ்சுக்கு எறக்கிட்டேன்."

"நாலுமா?"

"இல்ல, இந்தப் பக்கம் ரெண்டு மட்டும். அந்தப் பக்கம் வெயில் மண்டையப் பொளந்துச்சு. அடுத்த தடவை பாத்துக்கலாம்னு..."

ஸ்டிக்கரில் இருப்பது ஆறிய டயருக்கான கணக்கு. சூடேறிய டயரை அந்தக் கணக்குக்கு இறக்கினால் உள்ளே காற்று போதாது. டயர் மடங்கி மடங்கி ஓடி மேலும் கொதிக்கும். இன்னும் ஒரு மணி நேரம் அப்படியே விரட்டியிருந்தால் கிழிந்து தொங்கியிருக்கும். வண்டி ஒரு பக்கமாக இழுத்திருக்கும். கட்டிலில் கிடப்பவர்? அதற்குமேல் அவளால் நினைக்க முடியவில்லை. நாலையும் இறக்கியிருந்தால் நாலும் கொதித்திருக்கும். வெயில் கொடுமை என்று அவளே ஓட்டிக்கொண்டு போயிருப்பாள். கொழுந்தனின் சோம்பேறித்தனத்துக்குக் கோயில்தான் கட்ட வேண்டும்.

முக்கால் மணி நேரம் டயரை ஆறவிட்டாள். இரண்டு டயர்களின் பக்கச்சுவரையும் விரலால் அங்குலம் அங்குலமாகத் தடவினாள். வீக்கம் இல்லை, வெடிப்பு இல்லை. வண்டியிலேயே வைத்திருக்கும் சின்னக் காற்றடிக்கும் மெஷினைப் போட்டு, ஆறிய பிறகு வலது பக்கம் காட்டியதற்குச் சமமாக ஏற்றினாள். கொழுந்தன் முகம் சுண்டிப்போய்ப் பக்கத்தில் குடையோடு நின்றான்.

"அண்ணி, திட்டிடுங்க. இப்படிப் பேசாம இருந்தா பயமா இருக்கு."

"வீட்டுக்குப் போய்த் திட்டறேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. நீ குடையை நேராப் பிடி."

பிறகு வேகத்தை அறுபதுக்கு மேல் விடவில்லை. அரை மணிக்கொரு தரம் நிறுத்தித் தொட்டுப் பார்த்தாள். நிழல்பக்கம் வெயில் பக்கத்தை மிஞ்சிச் சுடாமல் நிழல்பக்கமாகவே இருந்தது. வீட்டு வாசலில் எஞ்சினை அணைத்தபோதுதான் அவளுக்கு மூச்சு முழுசாக வந்தது. அக்கம்பக்கத்தார் நாலு பேர் கைகொடுக்க, அவரை அலுங்காமல் கட்டிலில் சேர்த்தார்கள். வாக்குத் தவறாமல் கொழுந்தனைத் திட்டினாள். திட்டி முடித்து அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறும் வைத்தாள்.

அவன் கிளம்பிப் போன பிறகு கணவர் பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். அவர் விட்டத்தைப் பார்த்தபடியே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"பங்க்ல காத்து எறங்கற சத்தம் எனக்குக் கேட்டுச்சே."

"கேட்டுச்சா? அப்ப ஏன் ஒரு வார்த்தை சொல்லலே?"

"நீதான் எறக்கறேன்னு நெனச்சேன். நீ எறக்கினா சரியாத்தான் இருக்கும்னு கண்ணை மூடிக்கிட்டேன்."

ஆஸ்பத்திரியில் அழாதவள், மரத்தடியில் அழாதவள், இப்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் கையை நீட்டினார், எட்டவில்லை. அவளே நகர்ந்து வந்து அதைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே நானே எறக்கினாலும் ஏன்னு கேளுங்க."

"கேட்டா திட்டுவியே."

"திட்டுவேன். அப்பவும் கேளுங்க."