ஆறாம் வண்டிக்குப் பூஜ்யம்

முப்பத்தொன்பது வயதில் எனக்குப் படிப்பு ஆசை வந்தது. ஆசை என்று சொல்வதுகூடக் கொஞ்சம் அதிகம்தான், பதவி ஆசை என்பதே சரி. ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள், வீடுகளுக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் கொண்டுபோய்க் கொடுக்கும் ஏஜென்ஸியில் பதினோரு வருடமாக போன் எடுத்துக்கொண்டிருந்தேன். முகவரி எழுதிக்கொள்வது, எந்த வண்டி எந்த வீட்டுக்கு என்று காலையில் பிரித்துக் கொடுப்பது, சிலிண்டர் வரவில்லை என்று திட்டுபவர்களிடம் திட்டு வாங்குவது, இவ்வளவுதான் என் வேலை. ஒரு டிப்ளமோ முடித்தால் 'பிளானர்' என்று பதவி தருவதாக முதலாளி சொன்னார். தி. நகரில் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நடக்கும் போக்குவரத்து, லாஜிஸ்டிக்ஸ் வகுப்பில் சேர்ந்தேன்.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதும்மா, தெரியும்ல?" என்று முதலாளியே கிண்டலும் செய்தார். படிக்கச் சொன்னவரும் அவர்தான்.

துணிக்கடைக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் மூன்று மாடி ஏறினால் வகுப்பு. எங்களுக்குப் பாடம் எடுத்த சார் பல வருடம் லாரி ஆபீஸில் இருந்தவர். முதலில் புள்ளியியல் நடத்தினார். சராசரி என்றால் என்ன, எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று அளப்பது எப்படி என்பதெல்லாம் அதில் வந்தது. முதல் வாரமே ஒருவர் எழுந்து, "டிரைவர் கையில இருக்கிற வாட்ச்சே தப்பா ஓடினா என்ன சார் பண்றது?" என்று கேட்டார். அது ஐந்து நிமிடம் முன்னால் ஓடினால் புறப்படும்போதும் ஐந்து நிமிடம் முன்னால், சேரும்போதும் ஐந்து நிமிடம் முன்னால், கழித்தால் எல்லாம் அடிபட்டுப் போய்விடும் என்றார் சார். வகுப்பு சிரித்தது. எங்கள் ஏஜென்ஸியில் ஆறாம் வண்டி ஓட்டுபவரின் கடிகாரமும் அப்படித்தான், அது ஞாபகம் வந்து நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு வந்தது லீனியர் புரோகிராமிங். கையில் இருக்கும் வண்டிகள், ஒரு நாளில் இருக்கும் நேரம், போய்ச் சேர வேண்டிய வீடுகள், இந்த வரம்புகளுக்குள் நின்றுகொண்டு மொத்த நேரத்தை எவ்வளவு குறைக்கலாம் என்று சமன்பாடு போட்டுக் கண்டுபிடிக்கும் வித்தை. எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. பதினோரு வருடம் குத்துமதிப்பாகச் செய்ததை ஒரு தாளில் நிரூபிக்கலாம் என்பதில் ஒரு போதை இருந்தது. வருடக் கடைசியில் ஆளுக்கொரு ஆய்வு செய்ய வேண்டும் என்றார்கள். நான் எங்கள் ஏஜென்ஸியின் ஆறு வண்டிகளையே எடுத்துக்கொண்டேன்.

ஆறும் 'குட்டி யானை' என்று ஊர் சொல்லும் சின்ன லாரிகள். ஒரு நாளைக்கு ஏறக்குறைய தொண்ணூறு வீடுகள், வண்டிக்குப் பதினைந்து. மயிலாப்பூர், அடையாறு, கே.கே. நகர், நங்கநல்லூர் என்று வண்டிகளின் பகுதி தினமும் மாறும், ஆகவே யாருக்கும் சுலபமான தடம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு டிரைவரிடமும் ஒரு தாளைக் கொடுத்து, ஒரு வீட்டை முடித்து அடுத்த வீட்டை முடிக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று இரண்டு வாரம் எழுதித் தரச் சொன்னேன்.

ஆறாம் வண்டிக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐம்பத்தாறு வயது. நொச்சிக்குப்பத்து ஆள். அப்பாவோடு கடலுக்குப் போனவர், கல்யாணத்துக்குப் பிறகு ஸ்டியரிங் பிடித்தவர். அவர் கடிகாரம் ஐந்து நிமிடம் முன்னால் ஓடும், வேண்டுமென்றே அப்படித்தான் வைத்திருந்தார். "லேட்டாவாத பாரு" என்பார்.

"இன்னா மேடம் இது, புச்சா கீது? இத்த வெச்சிக்கினு முதலாளி எங்கள கத்த மாட்டாரே?"

"இது என் படிப்புக்குண்ணே. உள்ளது உள்ளபடி எழுதுங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது, நான் பொறுப்பு" என்றேன்.

"மேடம் சொன்னா சரி" என்று தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மற்ற ஐந்து பேரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காததிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். எங்கள் ஆபீஸில் டிரைவர் கையில் கொடுத்த எந்தத் தாளும் கடைசியில் அவன் தலையில்தான் விடிந்திருக்கிறது. டீசல் தாள், லீவு தாள், டயர் தாள், எல்லாம் அப்படித்தான். ஆகவே நேரம் எழுது என்றால் குறைத்து எழுது என்று அவர்களுக்குப் பாலோடு புகட்டியதுபோல் தெரியும். சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்து அன்றைய பதினைந்து வீட்டையும் ஒரே மூச்சில் நிரப்பிக் கொண்டுவந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஒரு வண்டியிலாவது கூடப் போய் நேரில் பார்க்க வேண்டும் என்பது சாரின் விதி. நான் ஆறாம் வண்டியில் ஏறினேன். அன்றைக்கு மயிலாப்பூர். பழைய அடுக்குமாடி, மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. சிலிண்டரைத் தோளில் சாய்த்து, படிக்குப் படி நின்று ஏறினார். மேலே ஒரு ஓய்வுபெற்ற பாட்டு டீச்சர், படுக்கையில் அவர் கணவர். பழைய சிலிண்டரைக் கழற்றி, புதியதைப் பொருத்தி, தண்ணீர் பாட்டிலில் குமிழி சீராக வருகிறதா என்று குனிந்து பார்த்து, பெரியவரின் மூச்சு அடங்கும்வரை நின்றார். பிறகு காலி சிலிண்டரோடு இறங்கினார். வண்டிக்கு வந்ததும் கடிகாரத்தைப் பார்த்து எழுதினார்: முப்பத்து மூன்று.

"கீயவே வெச்சிட்டு வந்துடலாம் மேடம். அப்பால அந்த மாமி இத்த எப்டி தூக்கும்?"

அன்று பதினைந்து வீட்டையும் பார்த்தேன். எந்த வீட்டிலும் அவர் ஒரு நிமிடத்தைக்கூட வீணாக்கவில்லை. அந்த வேலைக்கு அவ்வளவு நேரம்தான் ஆகும்.

இரண்டு வாரம் முடிந்து, ஒரு ஞாயிறு மத்தியானம் மந்தைவெளியில் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் தாள்களைப் பரப்பினேன். ஐந்து பேருடைய எண்களும் இருபது, இருபத்தைந்து, முப்பது என்றே இருந்தன. ஐந்தால் வகுபடாத எண் ஒன்றுகூட இல்லை. சராசரி இருபத்தைந்து, சிதறல் மிகக் குறைவு. ஆறாம் வண்டியில் இருபத்து மூன்று, நாற்பத்தேழு, பதினெட்டு, முப்பத்து மூன்று என்று எண்கள் கண்டபடி ஓடின. சராசரி முப்பத்தொன்று. நிஜத்தின் முகம் அப்படித்தான் இருக்கும். வட்டமான எண் வந்தால் சந்தேகப்படு என்று சார் சொல்லித்தான் கொடுத்திருந்தார். நான் சந்தேகப்பட்டேன். படாமலில்லை.

இன்னொன்றும் இருந்தது, அதற்குக் கால்குலேட்டர்கூட வேண்டாம், ஆபீஸ் ஜன்னல் போதும். வீட்டுக்கு இருபத்தைந்து நிமிடம்தான் ஆகிறதென்றால் ஐந்து வண்டிகளும் ஆறாம் வண்டிக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே திரும்பியிருக்க வேண்டும். ஆறும் ஒரே நேரத்தில்தான் திரும்பும், ஆறு பேரும் ஒரே டீக்கடையில்தான் நிற்பார்கள். பதினோரு வருடமாக அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான்.

ஆனால் மறுநாள் ஆய்வைக் கொடுக்கக் கடைசி நாள். மறுபடி அளக்க வேண்டுமென்றால் இன்னும் ஆறு மாதம், இன்னும் ஒரு கட்டணம். கண்ணை மூடிக்கொண்டு சமன்பாட்டில் எண்களைப் போட்டேன். வண்டிக்கு எட்டு மணி நேரம், தொண்ணூறு வீடு, மொத்த நேரம் குறைய வேண்டும். விடை அழகாக வந்தது. ஐந்து வண்டிகளே எல்லா வீட்டையும் முடித்துவிட்டன. ஆறாம் வண்டிக்குப் பூஜ்யம்.

சமன்பாட்டின் மேல் தப்பில்லை. யார் மெதுவோ அவனை விட்டுவிடு என்பதுதான் அதற்குத் தெரிந்த நியாயம். யார் பொய் எழுதினார் என்று பார்ப்பது என் வேலை. அதற்குப் பதில் நான் அறிக்கையில் ஒரு வரி எழுதினேன்: 'ஆறாம் வண்டியின் கூடுதல் நேரத்துக்கு ஓட்டுநரின் வேகக் குறைவே காரணம்.' அவரோடு ஒரு நாள் முழுக்க மாடி ஏறி இறங்கிய பிறகு எழுதிய வரி அது. வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்குத்தான் கிடைத்தது.

மதிப்பெண் வாங்கிய கையோடு அறிக்கையை முதலாளியிடம் காட்டினேன். காட்டாமல் இருந்திருக்கலாம். மெச்சிக்கொள்ள வேறு ஆள் இல்லாத அற்பத்தனம் என்னுடையது. அவர் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போய்க் கடைசி அட்டவணையில் நின்றார்.

"ஆறாவது வண்டிக்கு ஏன்மா சைபர் போட்டிருக்க?"

"கணக்குல அப்படி வருது சார். இது படிப்புக்காகப் பண்ணினது..."

"படிப்புன்னா பொய்யா?"

அந்த இடத்தில் ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். எண்கள் பொய் சார், ஜன்னல் வழியாகப் பாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் மேஜை டிராயரை இழுத்து, உன் பிளானர் லெட்டர் டைப் அடிக்கச் சொல்லியாச்சு என்றார். வாயை மூடிக்கொண்டேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகிவிட்டது.

அடுத்த மாத முதல் தேதியில் ஆறாம் வண்டியை விற்றார்கள். அதற்கு முந்தைய நாள் சாயங்காலம் ஆறாம் வண்டிக்காரர் சாவியைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். ஐம்பத்தாறு வயது டிரைவருக்கு இன்னொரு கம்பெனி வண்டி கொடுக்காது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துச் சாவிக்குப் பக்கத்தில் வைத்தார். அன்றைய பதினைந்து வீடுகளின் நேரம். ஆய்வு எப்போதோ முடிந்துவிட்டிருந்தது. நிறுத்தச் சொல்ல எனக்குத்தான் தோன்றவில்லை. அவர் தினமும் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார்.

ஐந்து வண்டிகள் ஓடத் தொடங்கின. தாங்கள் எழுதிக் கொடுத்த பொய்யை அந்த ஐந்து பேரும் இப்போது தினமும் உண்மையாக்கிக் காட்ட வேண்டியிருந்தது. வீட்டுக்கு இருபத்தைந்து நிமிடம் என்றால் மாடி ஏற முடியாது. கேட்டில் வைத்துவிட்டு, மணியை அடித்துவிட்டுப் போனார்கள். போன் என் மேஜையில்தான் அடித்தது.

பாட்டு டீச்சர் வாரம் இரண்டு முறை கூப்பிட்டார். "கீழேயே வெச்சுட்டுப் போயிடறாம்மா. ஆத்துல நான் ஒருத்திதான். வாட்ச்மேனைக் கெஞ்சிண்டு நிக்கறேன். முன்னாடி வருவாரே, அந்த மனுஷர் வரவே மாட்டாரா?"

"பார்க்கறேன் மாமி" என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன்.

பிறகு ஒரு நாள் மாமி கூப்பிட்டு, "இனிமே வேண்டாம்மா. அந்தக் காலியை மட்டும் எடுத்துண்டு போகச் சொல்லுங்கோ" என்றார். குரலில் அழுகை இல்லை. பெரியவருக்கு எழுபத்தெட்டு வயது, நுரையீரல் பாதிகூட இல்லை. ஒரே ஒரு நிகழ்வை வைத்துக்கொண்டு காரணம் சொல்லக் கூடாது என்று புள்ளியியலில் படித்திருந்தேன். அந்தப் பாடத்தை எத்தனையோ ராத்திரி எனக்கு நானே ஒப்பித்துக்கொண்டேன். தூக்கம்தான் வரவில்லை.

சான்றிதழ் வாங்க மறுபடி தி. நகர் போனேன். துணிக்கடை ஒன்றின் வாசலில், நீலச் சட்டை போட்டுக்கொண்டு, விசில் ஊதி வண்டிகளை ஒதுக்கிக்கொண்டிருந்தவர் திரும்பினார். ஆறாம் வண்டிக்காரர். நான் கூட்டத்தில் மறைந்துவிடலாமா என்று நிஜமாகவே யோசித்தேன். அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"மேடம்! நல்லாக்கிறீங்களா?"

"இருக்கேண்ணே. நீங்க?"

"கீறேன். நாள் பூரா நிக்கணும், முட்டிதான் வலிக்கிது." ஒரு கார் பின்னால் வந்தது. விசில் ஊதி அதை ஓரம் கட்டிவிட்டு மறுபடி என்னிடம் வந்தார். "ஒண்ணு கேக்கணும்னு நெனச்சிக்கினே இருந்தேன் மேடம். அந்தப் பேப்பர்ல நான் எயுதுனது எதுனா தப்பா பூட்ச்சா?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார்.

"எனக்கு அந்த வாட்ச் மேலதான் டவுட்டு. அஞ்சு நிமிசம் முன்னாடி ஓடும்ல? அதான் நம்ம டைம் மட்டும் ஜாஸ்தியா காமிச்சிக்கீது. சனியன், தூக்கிப் போட்டுட்டேன்."

மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். கறுத்த கையில் கடிகாரப் பட்டை இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

அவர் கடிகாரம் சரியாகத்தான் இருந்தது. ஐந்து நிமிடம் முன்னால் ஓடினால் தொடக்கத்திலும் அதே ஐந்து, முடிவிலும் அதே ஐந்து, கழித்தால் போய்விடும். அது முதல் வாரப் பாடம். ஆறு தாள்களில் உங்களுடையது ஒன்றுதான் உண்மை, அதனால்தான் உங்கள் வேலை போனது என்று அவரிடம் சொல்ல அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. பையில் சான்றிதழ் இருந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இருக்கும்ண்ணே" என்றேன்.