ஈரலுக்கு ஒலிபெருக்கி

கைத்தொலைபேசியில் ஒரு காணொளியை முக்கால்வாசி பார்த்துவிட்டு வைத்தியரான முட்டாள் நான். மிச்சத்தைப் பார்க்கவிடாமல் மருதனார்மடத்துக் கல்யாண வீடொன்றிலிருந்து ஒலிபெருக்கி கட்டக் கூப்பிட்டுவிட்டார்கள். அதுதான் என் தொழில். அதனால் என் காது பாதி அவுட். ஆனாலும் சத்தத்தைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பு.

காணொளியில் சொன்னது புற்றுநோய்க் கட்டிக்கான ஒரு புது வைத்தியம். மருந்தோடு மிக நுண்ணிய குமிழிகளையும் இரத்தத்தில் விடுகிறார்கள். ஸ்கான் படத்தில் கட்டி இருக்கும் இடத்தைப் பார்த்து, காதுக்குக் கேளாத ஒலியை வெளியிலிருந்து அங்கே மட்டும் செலுத்துகிறார்கள். குமிழிகள் அதிர்ந்து உடைய, இரத்தக்குழாய்ச் சுவர் இளகி வழிவிட, மருந்து கட்டிக்குள் இறங்குகிறது.

சுன்னாகத்தில் வெங்காயம் செய்கிற என் அண்ணைக்கு ஈரலில் கட்டி என்று அப்போதுதான் கண்டிருந்தார்கள். மருந்து ஏற்றத் திகதியும் கொடுத்தாயிற்று. நான் நேரே தோட்டத்துக்குப் போய்க் காணொளியைச் சொன்னேன். பெரிய ஸ்பீக்கரில் பாஸைக் கூட்டினால் வீட்டு ஓடே கிடுகிடுக்கும், இந்தக் கட்டி எந்த மூலைக்கு என்று விளக்கினேன். அண்ணை மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"உது இஞ்சை வந்திட்டுதோ?"

"வரும் அண்ணை. கொஞ்சம் பொறுங்கோ. ஏன் அவசரப்பட்டு உடம்பைக் கெடுப்பான்?"

மழை பெய்கிறது என்று நான் சொன்னால் கையை வெளியே நீட்டிப் பார்க்கிற மனிதர் அவர். இதை மட்டும் நம்பினார். என் விளக்கத்தின் திறமை என்று நினைத்துக்கொண்டேன். மருந்து ஏற்றப் பயந்து, 'பொறு' என்று சொல்ல ஓர் ஆளை அவர் தேடிக்கொண்டிருந்ததைப் பிறகு அண்ணிதான் சொன்னா. திகதியை அவ இரண்டு தரம் ஞாபகப்படுத்தியும், வெங்காயம் கிண்டி முடியட்டும் என்று விட்டாராம்.

வெங்காயத்தைக் கிண்டி எடுத்து, பிடி பிடியாகக் கட்டிக் காயத் தூக்கியும் ஆயிற்று. அதன் பிறகுதான் நோவு தொடங்கியது. என் மோட்டார் சைக்கிளில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

வைத்தியர் அம்மா அண்ணையின் வயிற்றில் பசை பூசி ஸ்கான் கருவியை ஓட்டினார். என் வாய் சும்மா இருக்குமா? இந்த மெசினின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி மருந்தை உள்ளே தள்ள ஏலாதோ என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. இது பார்ப்பதற்கு மட்டும், அந்த வைத்தியம் வெளிநாடுகளில் இன்னும் சோதனையில்தான் இருக்கிறது, அதற்காகக் காத்திருக்க இவருக்கு நேரமில்லை என்றார். முன்பு சின்ன வெங்காயம் அளவில் இருந்தது இப்போது பெரிய தேசிக்காய் அளவுக்கு வளர்ந்துவிட்டதாம். வியாழக்கிழமை மருந்து தொடங்கவேண்டும். முதல் திகதிக்கே தொடங்கியிருந்தால் கிடைத்திருக்கும் பலன் இனிக் கிடைக்குமா என்று கேட்டேன். அவர் அண்ணையின் பக்கம் திரும்பினார்.

"ஏன் ஐயா முதல் திகதிக்கு வரேல்லை?"

அண்ணை வயிற்றுப் பசையை ஆறுதலாகத் துடைத்தார்.

"தோட்டத்திலை வேலை."

என் பெயர் அவர் வாயில் வரவில்லை. காணொளியின் கடைசிக் கால்வாசியைப் பார்த்திருந்தால் 'இன்னும் சோதனையில்தான்' என்பதை அதிலேயே கேட்டிருப்பேன்.

ஆஸ்பத்திரி வாசலில் மோட்டார் சைக்கிளை எடுத்தேன். அண்ணை பின்னால் ஏறி இருந்தார். திரும்பிப் பார்க்காமலே கேட்டேன்.

"அண்ணை, என்னோடை கோவமோ?"

"ஓம்."